முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகமா? கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று நீ போட்ட சட்டம். விசாரித்துவிட்டேன். இனி சண்டை.

இந்தக் காலத்தில் எவன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறான்? "வீட்டுக்கு போன் பண்ணாதடா, லெட்டர் போடு, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று நீ சொல்லி ஒரு வருடம் ஆகிறது. உன் கைபேசியோ எப்போதும் அணைந்தே கிடக்கிறது. நான் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று தபால்தலை வாங்குகிறேன். கவுன்டரில் இருப்பவர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். காதல் கடிதம் என்று நினைப்பு. "அக்காவுக்கு சார்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தனிப் பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். நீர்த்தேக்கத்தின் வடகரையில் பொதுப்பணித் துறைக்கு ஒரு நிலம் இருக்கிறது. அணை கட்டிய காலத்தில் வேலையாட்கள் குடியிருந்த இடம். இப்போது இடிந்த சுவர்களும் புதரும் ஒரு பழைய பம்ப் அறையும்தான் மிச்சம். அந்த நிலத்தை, படையிலிருந்து திரும்பி வந்தவர்களின் உடம்புக்கும் மனசுக்கும் பயன்படும்படி மாற்றப் போகிறோம். மரங்களுக்கு நடுவே நடைபாதை, கரையோரம் உட்கார இடம், காய்கறிப் பாத்திகள், வாரம் ஒருமுறை டாக்டர் வந்து போக ஒரு அறை. வரைபடம் முழுக்க என் கையால் போட்டது.

ஒரே ஒரு சிக்கல். ஆகஸ்ட் வரைக்கும்தான் சோதனை. மேலிடத்துக் குழு ஒன்று வந்து பார்க்கும். ஆட்கள் பயன்படுத்தினால் நிலம் நிரந்தரமாக அவர்களுக்கு. இல்லாவிட்டால் லாரி நிறுத்தும் இடமாக்கிவிடுவார்கள். நான் இருக்கும்போது அது நடக்காது.

அத்தான் படையில் பாலம் போட்டவர். என் முதல் வரைபடத்தில் தப்பு கண்டுபிடித்து, கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சிரித்தவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதில் தப்பு கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். கூட்டிக்கொண்டு வா.

ஆமாம், அவருடைய குறட்டை இன்னும் அப்படியேதானா? கல்யாணத்தன்று பக்கத்து அறையில் படுத்திருந்த நாங்கள் எல்லாரும் தலையணையோடு மொட்டை மாடிக்கு ஓடியது நினைவிருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு. உடனே என்றால் உடனே.

உன் தம்பி


பிப்ரவரி 4

என் ஸ்கேலுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, அல்லது அதற்கும் வரைபடம் போட வேண்டுமா?

தனிப் பொறுப்பு என்று படித்ததும் ஆஸ்பத்திரி லேப் முழுக்கச் சொல்லிவிட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவரின் கையில் ஊசியை வைத்துக்கொண்டே சொன்னேன். பாவம், அவர் வலியையும் மறந்து "சந்தோஷம்மா" என்றார். கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு கட்டில், கதவு, பூனை எல்லாவற்றையும் அளந்து திரிந்த பயல் இன்று ஒரு நிலத்தையே அளக்கிறான். எனக்குப் பெருமையாக இருக்காதா?

இங்கே எல்லாம் நலம். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். நான் வீட்டைக் கொஞ்சம் மாற்றி அமைத்தேன். சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளிவிட்டேன். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் அடியில் துணி ஒட்டியிருக்கிறேன், தரை கீறாமல் இருக்க. எவர்சில்வர் தட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு மரத் தட்டு வாங்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது. வாசல் மணி கெட்டுப்போய்விட்டது. சரி செய்யவில்லை. அப்படி யார் வந்து குவிகிறார்கள் நம் வீட்டுக்கு?

கூட்டி வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடு.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முதுகு வலி? அத்தான் சுகமா? ஆயிற்று.

"பார்க்கலாம்" என்றால் உன் அகராதியில் "மாட்டேன்" என்று அர்த்தம். சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோதும் "பார்க்கலாம்"தான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வீட்டு அலங்காரத்துக்கு ஒரு பக்கம் எழுதினாய், நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை. குறட்டைக்கு அதுவும் இல்லை.

இங்கே வேலை பறக்கிறது. காட்டு இலாகாவிலிருந்து ஒரு ரேஞ்சர் அம்மா வருகிறார். மரங்களுக்குச் சொந்தக்காரி மாதிரி நிற்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு மரம் விழுந்தா, தம்பி, அடுத்து உங்க வேலை விழும்." அதனால் பாதை மரத்தைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. எனக்கு நேர்க்கோடுதான் பிடிக்கும், ஆனால் ஒப்புக்கொள்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. அடர்த்தியான இலைகள். ஒவ்வொரு வளைவிலும் அடுத்து என்ன வரும் என்றே தெரியாது.

படையிலிருந்து வந்தவர்கள் சங்கத்தின் தலைவர் ஒருவர் வந்து பார்த்தார். எல்லாரும் சார்ஜண்ட் என்று கூப்பிடுகிறார்கள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. நடந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

பெஞ்சுகள்தான் என் பெருமை. கான்கிரீட்டில் வார்த்து, தண்ணீர் விளிம்பிலேயே வரிசையாகப் போட்டிருக்கிறேன். பாதைக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து உட்காரலாம். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கிளை கூட வராது. அதற்காக எத்தனை முறை லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன் தெரியுமா? இதைப் பார்த்தால் அத்தானே வாயடைத்துப் போவார்.

வருகிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

தம்பி


ஏப்ரல் 2

ஸ்கேலுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இப்போது முடியாது. அவருக்கு முழங்கால் வலி. லேபிலும் ஆள் பற்றாக்குறை, ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், இரண்டு பேர் வேலையை நான் பார்க்கிறேன்.

உன் பெஞ்சுகளைப் பற்றி அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் ஊரிலிருந்து அங்கே வரும் பஸ், வழியில் நிற்குமா? பாதியில் இறங்க வேண்டும் என்றால் இறங்க முடியுமா? சும்மா கேட்டேன்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

சுகமா? நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்.

திறப்பு விழா முடிந்தது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் வாரத்தில் மூன்று நான்கு நாள் வருகிறார்கள். வருவதில் குறை இல்லை. வந்து என்ன செய்கிறார்கள் என்று கேள்.

மொத்தப் பேரும் அந்தப் பாழடைந்த பம்ப் அறைச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். வெயிலில்! எதிரே மர நிழலில் என் பெஞ்சுகள் காலி. கண்ணுக்கு முன்னால் ஒரு ஏரியையே விரித்து வைத்திருக்கிறேன், இவர்கள் காரை பெயர்ந்த சுவரில் சாய்ந்து நின்று தேநீர் குடிக்கிறார்கள். பாத்தி பக்கம் சிலர் போகிறார்கள். பாதையில் முதல் வளைவு வரை நடக்கிறார்கள், பிறகு ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்துவிடுகிறார்கள்.

சார்ஜண்டிடமே கேட்டேன்.

"பெஞ்சுல உக்கார வேண்டியதுதானே?"

"உக்காரலாம் சார்."

"பின்ன?"

"பெஞ்சு ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க."

கேலியா, மரியாதையா என்று கூடப் புரியவில்லை. வேறு சிலரிடமும் கேட்டேன். "பழக்கம்" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே, இவர்களுக்கு நான் எப்படி வேலை செய்வது?

போன வாரம் என் மேலதிகாரி வந்தார். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னப்பா, உன் பெஞ்சுல காக்காதான் ஓய்வெடுக்குது. குழு வந்து பாத்தா காக்காவுக்கா நிலம் குடுப்பாங்க?" என்றார். டிரைவர் வேறு சிரித்தான்.

நாலு மாத உழைப்பு. லாரி நிறுத்தத்தான் போகிறார்கள் போல. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாதது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

அத்தானின் முழங்கால் எப்படி?

தம்பி


மே 11

ஸ்கேல்,

உன் கடிதம் நேற்று லேபுக்கு வந்தது. ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தை ஓடவிட்டு, அது நிற்பதற்குள் படித்துவிட்டேன். காக்கா இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். பிறகு இரண்டாவது முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு மேசையை ஏன் மூலைக்குத் தள்ளினேன் என்று நீ கேட்கவே இல்லை.

நம் கூடத்தில் இரண்டு சுவர்கள் சேரும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே அவருடைய நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வாசல் தெரியும், ஜன்னல் தெரியும், நான் சமையலறையில் நிற்பது தெரியும். பின்னால் சுவர் மட்டும்தான். அதில் உட்கார்ந்தால் முழுதாகச் சாப்பிடுவார். யாராவது வந்தவர்கள் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர் நின்றுகொண்டே, "எனக்குப் பசிக்கலை, நீங்க சாப்பிடுங்க" என்பார். தட்டைக் கூட எடுக்க மாட்டார். இப்போதெல்லாம் நான் யாரையும் கூப்பிடுவதில்லை.

முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தால் அவரால் உட்கார முடியாது. கண்ணுக்கு முன்னால் சொர்க்கமே இருந்தாலும் சரி. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத வழியில் நடக்க முடியாது. காய்கறிக் கடைக்குப் போகும் சந்தும் அப்படித்தான் வளையும். அங்கே அவர் போய் ரொம்ப நாளாகிறது. வாசல் மணி கெடவில்லை, நான்தான் கம்பியைப் பிடுங்கினேன். போன் மணியும் அப்படித்தான். அடித்தால் என்ன ஆகும் என்று எழுத மாட்டேன். நீ கெட்டிக்காரன், புரிந்துகொள்.

அவருக்கு முழங்கால் வலி கிடையாது.

நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன், அது பொய் இல்லை. நன்றாகத் தூங்குகிறார் என்று எதிலாவது எழுதினேனா? எடுத்துப் பார். குறட்டையைக் கேட்டிருந்தாய். அந்தச் சத்தத்தை நான் கேட்டு வருடக்கணக்காகிறது. முன்பு அதற்காக அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. நானாகவே சொல்லாமல் இருந்தேன். ஊர் அவரை எப்படிப் பார்த்தது என்று உனக்குத் தெரியும். வெள்ளத்தில் ஒரே பகலில் பாலம் போட்டு ஒரு கிராமத்தையே அக்கரை சேர்த்தவர். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் எனக்கு அவர் அப்படித்தான். மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் அவர்.

உன் ஆட்கள் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். பெஞ்சைத் திருப்பு. பின்னால் ஒரு சுவர் வை. ஏரி எங்கேயும் ஓடிவிடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இத்தனை நாள் பழக்கத்துக்குக் கேட்டேன், இப்போது நிஜமாகவே கேட்கிறேன். நலமா?

உன் மேல் பயங்கரக் கோபம். முதல் பக்கம் முழுக்க உன்னைத் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். வேலையைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே சார்ஜண்டைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். நான் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். "எனக்குப் பின்னாடி நடங்க" என்றேன். நடந்தார். புல் தரை, காலடிச் சத்தமே இல்லை. எங்கே இருக்கிறார், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கூட என்னால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கே இப்படி.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"நீங்க அவ்வளவு ஆசையா போட்டிருந்தீங்க சார்" என்றார். "மனசு வரலை."

அடுத்த வாரமே பெஞ்சுகளைப் பெயர்த்தோம். மேலதிகாரி ஓடி வந்து குதித்தார். "யாரைக் கேட்டுப் பேத்தே?" "தண்ணிய பாக்குறதுக்கு பெஞ்சு போட்டேன் சார். முதுகை யாரு பாத்துக்குறது?" என்றேன். அவர் சார்ஜண்டைப் பார்த்தார், சார்ஜண்ட் ஏரியைப் பார்த்தார். பிறகு மேலதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "சீக்கிரம் முடி" என்று போய்விட்டார்.

இப்போது கேள். கரையை விட்டு மேலே, மேடு தொடங்கும் இடத்தில் மண்ணை வெட்டி, தோள் உயரத்துக்குக் கல் சுவர் எழுப்பியிருக்கிறோம். அந்தச் சுவரில் சாய்ந்தபடி பெஞ்சு. முன்னால் பாதை, அதைத் தாண்டி ஏரி. யார் வந்தாலும் முன்னால்தான் வர வேண்டும். கல் எல்லாம் பழைய குடியிருப்பு இடிபாடுகளிலிருந்து எடுத்தது. அடுக்கியவர்கள் அவர்கள்தான். யாரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றினார்கள். விரல் இல்லாத கையோடு சார்ஜண்ட் மட்டம் பிடித்தார். அக்கா, நான் படித்த படிப்பில் இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. கட்டி முடித்ததும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவ்வளவு பெருமை.

பாதைக்குச் சரளைக் கல் கொட்டியாயிற்று. நடந்தால் நறநறவென்று கேட்கும். வாசலில் இருந்த இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு மரக் கதவு. வளைவுகளுக்கு ரேஞ்சர் அம்மாவே கத்தரியோடு வந்துவிட்டார். இடுப்பிலிருந்து தலை உயரம் வரை இலைகளை நீக்கிவிட்டார். இப்போது ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவு தெரிகிறது. "மரத்தை வெட்டிட்டீங்களே" என்று சீண்டினேன். "முடி திருத்தினேன், தம்பி. உங்களுக்கும் தேவைப்படுது" என்றார்.

கடைசிப் பெஞ்சு சின்னது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் இருக்கிறது. அங்கிருந்து வாசலும் பாதை முழுவதும் தெரியும். யாருக்கு என்று கேட்காதே.

ஏப்ரலில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. முடியும். பஸ் எல்லா ஊரிலும் நிற்கும், பாதியில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், திரும்பிப் போக எதிர் பஸ் உடனே கிடைக்கும். கடைசி வரிசை ஜன்னலோரம் அநேகமாகக் காலியாகத்தான் வரும். ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் என்னை ஆற்றுப்பால வேலைக்கு மாற்றுகிறார்கள். அதனால் வந்தால் நான் இருக்க மாட்டேன். ஒருவேளை அதுவே நல்லதோ என்னவோ. யாரும் கூப்பிட மாட்டார்கள், கை குலுக்க மாட்டார்கள். சார்ஜண்டிடம் சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். சத்தமில்லாமல் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 19

அக்கா,

நலமா? உயிரோடு இருக்கிறாயா? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை.

இங்கே ஆற்று நடுவில் தூண் இறக்கிக்கொண்டிருக்கிறோம். சேறு, கொசு, ஒரு பொறியாளன் விரும்பக்கூடிய எல்லாமே இருக்கிறது. ஆனால் மனசு முழுக்க அந்த வடகரையில் கிடக்கிறது. குழு இந்த மாதக் கடைசியில் வரப்போகிறது. மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டேன், "உன் தூணைப் பார்" என்று பதில் வந்தது. சார்ஜண்டுக்கு எழுதினேன். "நல்லாத்தான் போகுது" என்று ஒரே வரி. இன்னும் அந்த "தான்"!

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? மூலைப் பெஞ்சைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதோ? எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அத்தான் அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாரா? கோபமாவது படட்டும், அதையாவது எழுது.

நான் அவரைக் குணமாக்க ஒன்றும் செய்யவில்லை. சுவர் கட்டினேன், அவ்வளவுதான். வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைக்கிறேன். பேனா நகரவில்லை. வர வேண்டும், அக்கா.

தம்பி


செப்டம்பர் 3

மச்சானுக்கு,

நான் நலம். உன் உடல்நலத்தைப் பேணவும்.

மூலைப் பெஞ்சின் உயரம் அதிகம். உட்கார்ந்தால் என் குதிகால் தரையில் படவில்லை. உன் உயரத்துக்கு அளந்திருக்கிறாய். உட்காரப் போவது நீ இல்லை. அடியில் ஒரு வரிசைக் கல் பதித்துச் சரி செய்துவிட்டேன்.

மேட்டுப்பக்கச் சுவரில் நீர் வடியத் துளைகள் விடவில்லை. பின்னால் மண் இருக்கிறது. பெருமழை பெய்தால் நனைந்த மண் சுவரைத் தள்ளும். இதை உனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவசரத்தில் விட்டுவிட்டாய். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து துளை போட்டுக் குழாய் செருகிவிட்டோம். இனி நிற்கும்.

ஜூலையில் முதல் முறை கிளம்பி, பாதியில் இறங்கிவிட்டேன். நீ எழுதியபடி இறங்க முடிந்தது. எதிர் பஸ்ஸும் கிடைத்தது. அடுத்த முறை வாசல் வரை. அதற்கு அடுத்த முறை உள்ளே. உன் அக்காவை எழுத வேண்டாம் என்று சொன்னது நான். நடக்குமா என்று தெரியாமல் உனக்கு நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை.

புதிதாக வருகிறவர்களை வாசலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சார்ஜண்ட் எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் பேசுவதில்லை. பக்கத்தில் நடக்கிறேன்.

குழு வந்தது. நிலம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கவனமாக இல்லை. விவரம் தெரியாது.

வரைபடத்தில் கோடு சுத்தமாக இருக்கிறது. முன்பு போல இல்லை.

அத்தான்


செப்டம்பர் 10

என் கண்ணு ஸ்கேலுக்கு,

நலம். நிஜமாகவே நலம். நீ சேற்றில் நிற்காதே, காலில் புண் வரும்.

அவர் எழுதிய கடிதத்தை ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினார். "எல்லாம் சரியா எழுதியிருக்கேனா?" என்றார். "சரியா இருக்கு" என்றேன். கவனமாக இல்லை, விவரம் தெரியாது என்று எழுதியிருக்கிறாரே, அந்த விவரத்தை நான் சொல்கிறேன். நான் அங்கே இருந்தேன்.

அன்று லேபுக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு போயிருந்தேன். காலையில் பாத்தியில் வேலை செய்துவிட்டு மூலைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் பம்ப் அறைப் பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழு வந்தது. நாலைந்து பேர், பளபளவென்று பூட்ஸ். உன் சரளைக் கல்லில் நறநறவென்று நடந்து வந்தார்கள். பெஞ்சுகளில் ஆட்கள் இருந்தார்கள். சிலர் பேசிக்கொண்டு, சிலர் சும்மா. குழுத் தலைவி நல்ல மாதிரிதான், ஆனால் குரல் பெரியது. "இங்க என்ன சிகிச்சை நடக்குது? எனக்கு ஒண்ணும் நடக்குற மாதிரி தெரியலையே" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை, பழைய பம்பை யாரோ ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கையிலிருந்த தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். டேய், அது அவருடைய குறட்டை. கல்யாண வீட்டில் உங்களையெல்லாம் மாடிக்குத் துரத்திய அதே குறட்டை. இரண்டு சுவருக்கு நடுவில், பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

குழுவில் ஒருவர் சிரித்தார். "அரசாங்க நிலம் தூங்குறதுக்கா?" என்றார்.

சார்ஜண்ட் எழுந்து அந்தச் சிரித்தவர் முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஆமா சார். தூங்குறதுக்குத்தான். அந்த மனுசன் வீட்டுக் கட்டில்ல தூங்கி எத்தனை வருசம் ஆச்சுன்னு அவர் சம்சாரம் அங்க நிக்கிறாங்க, கேளுங்க. ஆனா மெதுவா கேளுங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன், பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்கும். குழுத் தலைவி என்னைப் பார்த்தார், தூங்குகிறவரைப் பார்த்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தலைவியைப் பார்த்து மற்றவர்களும். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாரும் செருப்பையும் பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு, உன் சரளைக் கல்லில் "ஸ்... ஆ..." என்று நொண்டிக்கொண்டே வாசல் வரை போனதை நீ பார்த்திருக்க வேண்டும். அதிகாரிகள் அந்தப் பக்கம் போனதும் மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

மரக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது.

எழுந்ததும் அவர் கேட்டது, "எல்லாரும் ஏன் இப்படி என்னைப் பாக்குறீங்க?" யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஊருக்கு அவர் ஒரே பகலில் பாலம் போட்டவர். எனக்கு அன்று முதல் அவர் அந்தப் பெஞ்சில் தூங்கியவரும் கூட. எது பெரியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அந்தச் சுவரைக் கட்டிய பயல் என் தம்பி என்று லேபில் இப்போது தினமும் ஒருமுறையாவது சொல்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

கூடத்து மூலையில் மேசை அப்படியேதான் இருக்கிறது. அவருடைய நாற்காலியும் அங்கேதான். ஆனால் போன வாரம் அவரே ஏணி போட்டு ஏறி வாசல் மணிக்கு மறுபடியும் கம்பி பூட்டினார். "யாராவது வந்தா எப்படித் தெரியும்?" என்கிறார். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். இன்னொரு முறை அழுத்தினார்.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு போன் பண்ணு, அந்த மணியையும் மாட்டியாயிற்று. மணி அடித்தால் உடனே வைத்துவிடாதே, அடிக்கட்டும். கொஞ்சம் நேரமாகும்.

அவர் எடுப்பார்.

அக்கா